அம்மாவின் மின்சார ஸ்கூட்டருடன் கப்பற் பயணம்: ஹட்டனிலிருந்து போகிறவர்கள் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

ஹட்டன் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு இப்போது 69 வயது. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் 37 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். சரிவில் ஏறி இறங்கியே இரண்டு முழங்கால் மூட்டுகளும் தேய்ந்துவிட்டன. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து அடி நடப்பார். அதற்கு மேல் இயலாது. கனடாவில் இருக்கும் என் அண்ணன் சென்ற ஆண்டு பணம் அனுப்ப, கொழும்பில் ஒரு கடையில் நான்கு சக்கர மின்சார ஸ்கூட்டர் வாங்கினோம். வீதியில் ஓடும் ஸ்கூட்டி அல்ல. நடக்க இயலாதவர்கள் அமர்ந்து மெதுவாகச் செல்லும் வண்டி. அது வந்த பிறகுதான் அம்மா எவர் துணையுமின்றிக் கோவிலுக்கும் கடைக்கும் போகிறார்.

வருகிற ஏப்ரலில் குடும்பமாகச் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் வரை ஐந்து இரவுக் கப்பற் பயணம் போகலாம் என்று அண்ணன் சொல்கிறார். அதற்கு ஒரு காரணம் உண்டு. தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அம்மாவின் மூத்த சகோதரி, அதாவது என் பெரியம்மா, 1974இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போனார். அம்மா ஹட்டன் ரயில் நிலையம் வரை போய் வழியனுப்பினார். அதன் பின்னர் அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. “அக்கா ஏறிப்போன கப்பலுக்குள்ள எப்படி இருந்திருக்கும்?” என்று சிறுவயதில் எங்களிடம் அம்மா பலமுறை கேட்டிருக்கிறார். இது அந்தக் கப்பல் அல்ல என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒருமுறை கப்பலில் ஏறி நடுக்கடலைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

ஸ்கூட்டரை விட்டுவிட்டுத் தள்ளுநாற்காலியில் போகலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. பிறர் தள்ள உட்கார்ந்திருப்பதை அவர் சுமையாக உணர்கிறார். எனவே ஸ்கூட்டருடன்தான் போக வேண்டும். விமானத்தில் ஏற்றுவார்களா, கப்பலுக்குள் ஓட்ட இடமிருக்குமா, இரவில் எங்கே நிறுத்துவது, துறைமுகங்களில் இறங்க முடியுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும். பயண முகவரிடம் கேட்டேன். “எல்லாம் அங்கே பார்த்துக்கொள்வார்கள்” என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

தலவாக்கலை, முன்னாள் கப்பல் ஊழியர் எழுதியது:

வணக்கம் டீச்சர். நான் பயணிகள் கப்பல்களில் ஒன்பது ஆண்டுகள் அறைப் பணியாளராக வேலை செய்தவன். “அங்கே பார்த்துக்கொள்வார்கள்” என்ற சொல்லை நம்பி வந்து கண்கலங்கிய பயணிகளை நேரில் கண்டிருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கப்பலுக்குள் ஓட்டுவதைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. பெரிய கப்பல்களில் தளத்துக்குத் தளம் லிஃப்ட் உண்டு, தரை சமம், உணவகங்களும் மண்டபங்களும் அகலமானவை. நம்முடைய ஊரில் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவருக்கு அது மிகவும் இலகுவாக இருக்கும். திறந்த தளத்துக்குப் போகும் சில கதவுகளின் அடியில் மட்டும் உயர்ந்த விளிம்பு இருக்கும். அங்கே நேராக, மெதுவாக ஏற வேண்டும்.

உண்மையான சிக்கல் அறைக் கதவில்தான். சாதாரண அறைகளின் கதவு பெரும்பாலும் 56 முதல் 58 சென்ரிமீற்றர் வரைதான் அகலம். நான்கு சக்கர ஸ்கூட்டர்களில் பல அதற்குள் நுழையாது. நுழைந்தாலும் உள்ளே திருப்ப இடமில்லை. நடமாட்டக் குறைபாடு உள்ளோருக்கென்று தனியாக அமைத்த அறைகளில் கதவு ஏறத்தாழ 81 சென்ரிமீற்றர் இருக்கும். குளியலறையில் படி இராது, சுவரில் பிடிகம்பியும், அமர்ந்து குளிக்க இருக்கையும் இருக்கும். ஆனால் ஒரு கப்பலில் இத்தகைய அறைகள் மிகச் சிலவே உள்ளன. அவை முதலிலேயே நிரம்பிவிடும். முகவர் பணம் கேட்கும் முன்னரே, அந்த வகை அறை உங்கள் பெயரில் உறுதியாகிவிட்டதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

“வண்டியைத் தாழ்வாரத்தில் நிறுத்திக்கொள்ளலாம்” என்று எவரேனும் சொன்னால் தயவுசெய்து ஏற்காதீர்கள். தீப்பிடித்தால் ஆயிரக்கணக்கானோர் வெளியேற வேண்டிய வழி அது. அங்கே எதையும் நிறுத்த விடமாட்டார்கள். நான் வேலை செய்த ஒரு கப்பலில் ஒரு முதியவரின் ஸ்கூட்டர் அறைக்குள் நுழையவில்லை. கீழே ஒரு களஞ்சிய அறையில் அதைப் பூட்டி வைத்தோம். ஒவ்வொரு நாள் காலையிலும், யாராவது ஓய்வாகி அதை எடுத்து வரும்வரை அவர் கட்டிலின் ஓரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பணம் கொடுத்து வந்தவர் அப்படிக் காத்திருந்ததை என்னால் இன்றுவரை மறக்க இயலவில்லை. அவரது முகவர் கதவின் அகலத்தை ஒருமுறை கேட்டிருந்தால் அது நடந்திருக்காது.

துறைமுகங்களைப் பொறுத்தவரை, பினாங்கில் ஜோர்ஜ் டவுனின் சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையோடு கட்டப்படும். பாலம் வழியாக இறங்கலாம். அந்தப் பாலத்தின் சரிவு கடல் ஏற்ற இறக்கத்துக்கேற்ப மாறும் என்பதால், செங்குத்தாக இருக்கும் நேரத்தில் அம்மாவை இறங்கச் சொல்லி, ஊழியர்கள் வண்டியைத் தனியே கொண்டுவரக்கூடும். புக்கெட் வேறு விதம். படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிடும் கப்பல்களிலிருந்து சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். அந்தப் படகில் மின்சார ஸ்கூட்டரைப் பொதுவாக ஏற்ற மாட்டார்கள். எடை அதிகம், கடல் அலைந்துகொண்டே இருக்கும். சில படி எடுத்துவைக்கக்கூடியவரை மடக்கும் தள்ளுநாற்காலியுடன் ஏற்றுவதும்கூட அன்றைய கடல் நிலையைப் பார்த்து அதிகாரி எடுக்கும் முடிவுதான். உங்கள் கப்பல் புக்கெட்டில் துறையில் கட்டப்படுமா, நங்கூரமிடுமா என்பதைக் கப்பல் நிறுவனத்திடமே கேளுங்கள்.

மின்னேற்றம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அறைகளில் அமெரிக்க வகை 110 வோல்ட் துளையும், ஐரோப்பிய இரட்டைத் துளை 220 வோல்ட்டும் இருப்பது வழக்கம். நமது சதுர மூன்று முள் செருகி அவற்றில் பொருந்தாது. ஒரு சிறிய மாற்றி கொண்டு போங்கள். பல துளைகள் உள்ள நீட்டிப்பு வயர்ப் பெட்டியைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏறும் இடத்திலேயே பறிமுதல் செய்துவிடும்.

இன்னொன்று. ஆபத்து நேரத்தில் லிஃப்ட்டை நம்ப இயலாது. படிகளில் அம்மாவைத் தூக்கிச் செல்ல ஊழியர் ஒதுக்கப்பட வேண்டுமானால், அவர் படியேற இயலாதவர் என்பது கப்பலின் பதிவில் இருக்க வேண்டும். விசேட தேவைகளுக்கான படிவம் ஒன்றை நிறுவனம் தரும். வெட்கப்பட்டு எதையும் குறைத்து எழுதாமல் உள்ளதை உள்ளபடியே நிரப்புங்கள்.

பண்டாரவளை, பற்றரி வேலைக்காரர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். சூரிய மின்கலத் தொகுதிகளுக்கும் மின்சார வண்டிகளுக்கும் பற்றரி பழுதுபார்ப்பது என் தொழில். கப்பலைப் பற்றித் தலவாக்கலை அண்ணன் எழுதிவிட்டார். ஆனால் உங்கள் பயணம் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே நின்றுவிடக்கூடிய இடம் ஒன்று உண்டு, அது பற்றரி.

பற்றரியின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். வோல்ட் எண்ணை அம்பியர் மணித்தியால எண்ணால் பெருக்கினால் வாட் மணித்தியாலம் கிடைக்கும். 24 வோல்ட், 10 அம்பியர் மணித்தியாலம் என்றால் 240. லித்தியம் பற்றரி கழற்றி எடுக்கும் வகையாக இருந்தால், அதைக் கழற்றி விமானத்தின் பயணிகள் பகுதிக்குள் உங்கள் கையோடு கொண்டுபோக வேண்டும். அதன் அளவு 300 வாட் மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு பற்றரிகளில் ஓடும் வண்டியானால் ஒவ்வொன்றும் 160க்குள் இருக்க வேண்டும். வண்டியின் உடலுக்குள்ளேயே நன்கு பாதுகாக்கப்பட்டு, கழற்றாமல் வைத்திருக்கும் வகையில் செய்யப்பட்ட பற்றரியானால் வண்டியோடு சரக்கறைக்குப் போகலாம். அதற்கு இந்த 300 என்ற எல்லை இல்லை. எந்த வகை என்றாலும் விமான நிறுவனத்தின் முன் அனுமதி கட்டாயம்.

பழைய வகை ஈயப் பற்றரியானால் கதை வேறு. திரவம் சிந்தாத, மூடிய ஜெல் வகையை நிறுவனங்கள் ஏற்கின்றன. முனைகளை மூடி, குறுக்குச் சுற்று ஏற்படாதபடி செய்திருக்க வேண்டும். எடைதான் கூடுதல். திரவம் ஊற்றும் வகையைக் கொண்டுபோக நினைக்க வேண்டாம். நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்பதில் தொடங்கி அதற்கு நிபந்தனைகள் நிறைய.

நமது பக்கத்தில் கடைக்காரர்கள் “மலை ஏற வேண்டுமே” என்று பெரிய பற்றரியைப் போட்டுக் கொடுப்பது வழக்கம். அவர்கள் சொல்வது தவறில்லை. ஏற்றத்தில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் அதிகம், சிறிய பற்றரி சீக்கிரம் தீரும். ஆனால் வீட்டுக்கு நல்லதாக இருக்கும் அந்தப் பற்றரியே விமானத்துக்கு ஆகாததாகிவிடும். தாளில் உள்ள எண்களை இங்கே எழுதுங்கள். அத்துடன் மின்னேற்றியில் உள்ளீடு என்ற இடத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 230 மட்டும் என்றிருந்தால் கப்பலின் 110 வோல்ட் துளையில் அது வேலை செய்யாது.

ஹட்டன் ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று பாடசாலை விட்டு வந்ததும் அளவு நாடாவுடன் உட்கார்ந்துவிட்டேன். வண்டியின் அகலம் கைப்பிடிகளையும் சேர்த்து 59 சென்ரிமீற்றர். சாதாரண அறைக் கதவில் நுழையாது. பற்றரித் தாளில் 24 வோல்ட், 20 அம்பியர் மணித்தியாலம், லித்தியம் என்று இருக்கிறது. பெருக்கினால் 480 வருகிறது. அது கைப்பிடி வைத்த பெட்டி போன்றது. இருக்கைக்கு அடியிலிருந்து இழுத்தால் வெளியே வந்துவிடும். மின்னேற்றியில் 100 முதல் 240 என்றே இருக்கிறது. விமான நிறுவனத்துக்கும் தொலைபேசியில் பேசினேன். இந்தப் பற்றரியை ஏற்க இயலாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். டிக்கட் வாங்கும் முன் இது தெரிந்தது உங்களால்தான். இனி என்ன செய்வது என்று யோசிக்கிறேன்.

பண்டாரவளை, பற்றரி வேலைக்காரர் எழுதியது:

மனம் தளர வேண்டாம். அதே வண்டிக்கு, அதே பெட்டி வடிவில், 24 வோல்ட் 12 அம்பியர் மணித்தியாலப் பற்றரி கிடைக்குமா என்று விற்ற கடையிலேயே கேளுங்கள். 288 வாட் மணித்தியாலம், எல்லைக்குள் வரும். உற்பத்தியாளரின் அச்சிட்ட தாள் அதன் மேல் இருக்க வேண்டும்; விமான நிலையத்தில் அதைத்தான் வாசித்துப் பார்ப்பார்கள். இங்கே யாரிடமாவது, என்னிடமாகவே இருந்தாலும், கலங்களை இணைத்துச் செய்துகொண்ட பற்றரியைப் பயணத்துக்கு எடுத்துச் செல்லாதீர்கள். கப்பலின் சமதரையில் 12 அம்பியர் மணித்தியாலம் ஒரு நாளைக்குத் தாராளமாகப் போதும்; இரவில் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். ஊருக்குத் திரும்பியதும் பெரிய பற்றரியை மாட்டிவிடுங்கள்.

கம்பளை, ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

அன்புள்ள டீச்சருக்கு, பக்கவாதத்தால் ஒரு கால் இயங்காத என் கணவரை அவருடைய ஸ்கூட்டருடன் இரண்டு தடவை வெளிநாடு அழைத்துச் சென்றிருக்கிறேன். கப்பலில் அல்ல, மகள் வீட்டுக்கு. விமான நிலையத்தில் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

வண்டியின் நீளம், அகலம், உயரம், எடை, பற்றரியின் வகை ஆகியவற்றை விமான நிறுவனத்துக்குக் குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன்னரே மின்னஞ்சலில் அனுப்பி, ஏற்றுக்கொண்டதாக வரும் பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கருமபீடத்தில் இருப்பவருக்கு விதி தெரியாமல் இருக்கலாம். காகிதத்தைக் காட்டினால் பேச்சு முடிந்துவிடும். பைகளுடன் சேர்த்து வண்டியை அங்கேயே ஒப்படைக்கச் சொன்னால், விமானத்தின் கதவு வரை அம்மா அதில்தான் வருவார் என்று பணிவாகக் கேளுங்கள். சிங்கப்பூரிலும் விமானக் கதவருகிலேயே அதைத் திருப்பித் தரும்படி குறிச்சீட்டில் எழுதச் செய்யுங்கள். பற்றரியைக் கழற்றி, முனைகளை மூடி, தனிப் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாவியையும் எடுத்துவிடுங்கள்.

முதல் பயணத்தில் ஒரு விமான நிலையத்தில் என் கணவரின் வண்டியின் கைப்பிடித் தண்டு வளைந்த நிலையில் திரும்பி வந்தது. ஒப்படைக்கும் முன் படம் எடுத்து வைக்காததால் எங்களால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. இரண்டாம் பயணத்தில் நான்கு பக்கமும் படம் எடுத்தேன். மடக்குவது எப்படி, எந்த இடத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதி, பிளாஸ்திக் உறையில் இட்டுக் கைப்பிடியில் கட்டினேன். வண்டி கீறலின்றி வந்தது. சேதமானால் 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைப்படி விமான நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் ஒரு பயணிக்கான உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமைகள் (SDR எனப்படும், சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர்தான். வண்டியின் விலை அதைவிட அதிகமானால், ஒப்படைக்கும்போதே பெறுமதியை விசேடமாக அறிவித்து, கேட்கும் மேலதிகத் தொகையைச் செலுத்தலாம். பயணக் காப்புறுதி எடுக்கும்போது இந்த வண்டியும் அதில் அடங்குகிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கட்டாயம் வாங்குங்கள். 2025 பெப்ரவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம், பொதுப் பாதைகளில் இவ்வகை ஸ்கூட்டர்களின் வேக எல்லையை மணிக்கு 10 கிலோமீற்றரிலிருந்து 6 ஆகக் குறைத்ததுடன், ஓட்டுபவருக்கு மருத்துவத் தேவைச் சான்று வேண்டும் என்றும் சொல்கிறது. கப்பலேற ஒரு நாள் முன்னரே போய்த் தங்குவதானால் இது உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவின் உடலையும் நினைவில் வையுங்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல வளைவுகளில் இறங்கிக் கட்டுநாயக்க சேர நான்கைந்து மணித்தியாலம். பிறகு விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் மூட்டும் பாதமும் வீங்கிவிடும். நீர்கொழும்பிலோ கொழும்பிலோ ஓர் இரவு தங்கிப் புறப்படுங்கள்.

தள்ளுநாற்காலி போதும் என்று உறவினர்கள் சொல்வதைப் பற்றி ஒரு சொல். நாற்பது ஆண்டுகள் ஆஸ்பத்திரி வாட்டுகளில் நோயாளிகளைத் தள்ளியவள் நான். தள்ளுபவரின் நேரத்துக்கும் திசைக்கும் கட்டுப்பட்டு இருப்பது எவ்வளவு கடினம் என்பது என் கணவர் ஸ்கூட்டரில் அமர்ந்த அன்றுதான் எனக்கே புரிந்தது. உங்கள் அம்மா கேட்பது நியாயம். புக்கெட் படகுக்காக மட்டும் இலேசான மடக்கு நாற்காலி ஒன்றையும் கூடவே கொண்டுபோங்கள்.

தலவாக்கலை, முன்னாள் கப்பல் ஊழியர் எழுதியது:

தாதி அம்மா சொன்ன அறிவுறுத்தல் தாளில் இதையும் சேருங்கள். இந்த வண்டிகளின் பின்புறம் சக்கரத்தை விடுவிக்கும் நெம்புகோல் ஒன்று இருக்கும்; மோட்டாரை இயக்காமல் தள்ளுவதற்கு அது. அதை விடுவித்தால் மின்காந்த பிரேக்கும் விலகிவிடும். கப்பல் பாலத்தின் சரிவில் ஒருவர் அதை விடுவித்ததும் வண்டி தானாக உருண்டதை நான் கண்டேன். நல்ல வேளையாக அதில் யாரும் இருக்கவில்லை. அம்மா அமர்ந்திருக்கும்போது அந்த நெம்புகோலை யாரும் தொடக் கூடாது. கப்பலில் மட்டுமல்ல, ஹட்டன் வீதிகளிலும் இதே கவனம் வேண்டும்.

பற்றரி கிடைக்காவிட்டால் வேறொரு வழியும் உண்டு. பெரிய கப்பல் துறைமுக நகரங்களில் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுவோர் இருக்கிறார்கள். சில இடங்களில் கப்பல் அறைக்கே கொண்டுவந்து வைப்பார்கள். எவரிடம் எடுக்கலாம் என்று கப்பல் நிறுவனத்திடமே கேட்கலாம்.

ஹட்டன் ஆசிரியை எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். கடைக்காரர் 288 வாட் மணித்தியாலப் பற்றரியை வரவழைத்துக் கொடுத்தார். விமான நிறுவனத்தின் சம்மதக் கடிதமும் வந்துவிட்டது. முதலில் நினைத்த ஏப்ரல் பயணத்தில் அகலக் கதவு அறை ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. அண்ணன் தன் விடுமுறையை மாற்றிக்கொண்டு மே மாதக் கப்பலில் அந்த அறையை உறுதிசெய்தார். படிவத்தில் அம்மாவால் படியேற இயலாது என்பதை அப்படியே எழுதினேன்.

புக்கெட்டில் கப்பல் நங்கூரமிடும் என்று பதில் வந்திருக்கிறது. அம்மாவிடம் சொன்னபோது, “நான் கடலப் பாக்கத்தானே வாரேன், படகு எனக்கு வேணாம், நீங்க போயிட்டு வாங்க” என்றார். அன்று அண்ணனும் அவருடன் கப்பலிலேயே இருப்பார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வண்டியை வேனில் ஏற்றி நுவரெலியாவுக்குப் போய், கிரகரி ஏரிக்கரைப் பாதையில் அம்மாவை ஓட்டவிட்டோம். ஏற்ற இறக்கம் இல்லாத தரையில் அவர் ஓட்டியது அதுவே முதல் முறை. வண்டி இவ்வளவு சத்தமில்லாமல் போகுமா என்று அவருக்கே வியப்பு. இப்போது மாலைகளில் வீட்டு முற்றத்தில் 81 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு பூச்சாடிகளை வைத்து, அவற்றுக்கு நடுவே முன்னாலும் பின்னாலும் போய்ப் பழகுகிறார். முதல் நாள் இரண்டு சாடிகளிலும் இடித்தார். நேற்று ஒன்றிலும் படவில்லை.